நாலு மணிக்கு மேல் பையனை எங்கே விடுவது?

கேள்வி: வணக்கம் மேடம். எங்களுக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பத்து வருடமாகத் திருப்பூரில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன், அவர் சாயப்பட்டறையில் இருக்கிறார். ஒரே பையன், அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. இதுவரை மாமியார் கூட இருந்து பார்த்துக்கொண்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் முழங்கால் வலியால் அங்கேயே இருந்துவிட்டார். இப்போது நாலேகாலுக்குப் பள்ளி விட்டதும் பையனே வீட்டைத் திறந்து உள்ளே போய்விடுகிறான். ஒன்றரை ஷிப்ட் முடித்து நான் வர ஒன்பதாகிறது. அதுவரை போன்தான். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான், டியூஷனில் சேருங்கள் என்று டீச்சர் சொல்கிறார். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா ஐந்து மணியிலிருந்து ஏழு வரை டியூஷன் எடுக்கிறார், மாதம் 400 ரூபாய். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு சென்டர் வந்திருக்கிறது. பள்ளிக்கே வேன் அனுப்பிக் கூட்டிப் போகிறார்கள். அபாகஸ், இந்தி, கராத்தே, வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து இரவு எட்டரை வரை, மாதம் 2,500 ரூபாய். ஒரு நாள் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், "அங்கே பேசவே கூடாதாம்மா" என்று அழுகிறான். எனக்கு அரை ஷிப்டுக்கு 250 ரூபாய் வருகிறது. அதை விட்டால் வாடகை, சீட்டு எல்லாம் இடிக்கும். எதில் சேர்ப்பது? இல்லை, வேலையைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டுமா? பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாள் என்று காம்பவுண்டில் பேசுகிறார்கள்.
— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற கேள்வியெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று தோன்றுகிறது. காம்பவுண்டில் பேசுகிறவர்கள் பேசட்டும். பள்ளி நாலேகாலுக்கு விடுகிறது, கம்பெனி எட்டரைக்கு விடுகிறது. நடுவில் இருக்கிற இந்த நாலேகால் மணி நேரத்தை நீங்கள் உண்டாக்கவில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948-இல் வந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டத்தில் இருந்தது, ஆனால் ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். அங்கன்வாடியும் ஆறு வயதோடு சரி. அதற்குப் பிறகு பிள்ளை பள்ளிக்கூடத்தின் பொறுப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள், பள்ளிக்கூடமோ நாலேகாலுக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைச் சாயங்காலம் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. இத்தனை வருடமும் அந்த இடத்தை உங்கள் மாமியார் நிரப்பினார். சம்பளம் இல்லாமல் செய்ததால் அது ஒரு வேலையாகவே யார் கண்ணுக்கும் படவில்லை. அவர் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிகிறது. அதனால் உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொண்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள். குற்ற உணர்ச்சியில் இருக்கிற பெற்றோர் பெரும்பாலும் விலை கூடிய இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், செலவு செய்தால் மனது ஆறும் என்பதற்காக. பத்தொன்பது வருடமாகப் பள்ளிகளில் ஆலோசகராக இருக்கிறேன், இதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அது ஒன்று. பையன் வாசிக்கத் திணறுகிறான், அது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தைத் தேடுவதால்தான் குழப்பமாக இருக்கிறது. சென்டர் விற்பது முக்கியமாக முதல் விஷயத்தை, அதாவது வேன், நேரம், பாதுகாப்பு. ஆனால் பலகையில் எழுதியிருப்பது அபாகஸ், இந்தி, கராத்தே. உங்களுக்கு வேண்டியதும் முதல் விஷயம்தான், டீச்சர் சொன்னதோ இரண்டாவது. இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

நாலேகாலுக்குப் பள்ளியை விட்டு வெளியே வருகிற ஒன்பது வயதுப் பிள்ளையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மதியம் சத்துணவு சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நிறையப் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கிக்கொண்டே வருவார்கள். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், தலைவலியோடு வீட்டுக்கு வருவார்கள். காலையிலிருந்து உட்கார்ந்த உடம்பு ஓடத் துடிக்கும். வகுப்பில் யாரோ அடித்திருப்பான், யாரோ பட்டப்பெயர் வைத்திருப்பான், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். நம் மாநிலத்தில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியச் சாப்பாடு அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இருக்கிறது. காலைப் பசிக்கும் மதியப் பசிக்கும் யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். நாலு மணிப் பசி மட்டும் இன்னும் வீட்டுப் பொறுப்புதான். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பள்ளி முடிந்த பிறகு பிள்ளையை வைத்திருக்கிற எந்த இடமாக இருந்தாலும், முதல் முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை வைத்தே அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லிவிடலாம். சாப்பிட ஏதாவது கொடுத்து, ஓடவிட்டு, முகத்தைப் பார்த்து "என்னடா கண்ணு, இன்னைக்கு என்ன ஆச்சு" என்று கேட்கிற ஒரு ஆள் இருந்தால் அது நல்ல இடம். வந்ததும் வராததுமாகப் புத்தகத்தை எடுக்கச் சொன்னால் அங்கே பிள்ளைக்கு எதுவும் ஏறாது.

சில வருடங்களுக்கு முன்பு ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை, குழந்தை மருத்துவர்தான் என்னிடம் அனுப்பினார். விசாரித்தால் பள்ளி முடிந்ததும் டியூஷன், அங்கிருந்து ஒரு நாள் இந்தி, ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் அபாகஸ், எட்டு மணிக்குத்தான் வீடு. அம்மா, அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆசையாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். "உனக்கு எந்த வகுப்பு பிடிக்கும்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு வண்டியில் போகிற நேரம் பிடிக்கும்" என்றாள். இரண்டு வகுப்புகளை நிறுத்தினோம், பாட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் வலி போய்விட்டது. பொய் வலி இல்லை அது, நிஜமாகவே வலித்திருக்கிறது. வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு உடம்பு சொல்லிக் கொடுத்திருக்கிறது. உங்கள் பையன் அந்த விதத்தில் கெட்டிக்காரன், வாயைத் திறந்தே சொல்லிவிட்டான். "அங்கே பேசவே கூடாதாம்மா" என்ற அந்த ஒரு வரியைவிடச் சரியாக அந்த சென்டரைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. வீட்டில் பேச ஆள் இல்லாமல் இருக்கிற பிள்ளைக்கு இப்போது பேச்சுத்தான் முதலில் வேண்டும்.

இதற்காக சென்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேன், எட்டரை வரை ஒரு கூரை, பூட்டிய வீட்டில் தனியாக இருக்கிற ஆபத்து இல்லாமல் போவது, இதெல்லாம் உங்கள் நிலைமையில் சின்ன விஷயம் இல்லை. அடுப்பு இருக்கிற வீட்டில் நாலேகால் மணி நேரம் ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக இருப்பதைவிட, சுமாரான சென்டரே மேல். ஆனால் அவர்கள் சேர்த்துக் கொடுக்கிற பாடங்களுக்காகத்தான் 2,500 என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அபாகஸ் கூட்டல் கழித்தல் வேகத்தைக் கூட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளவே எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு இப்போது அது அவசரம் இல்லை. இந்தியும் அப்படித்தான். எந்த மொழியும் கற்றுக்கொள்ள நல்லதுதான், பிராத்மிக், மத்யமா எல்லாம் எழுதட்டும், அதற்கு முன் தாய்மொழியில் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க வரட்டும். இன்னொரு எழுத்து வரிசையை இந்த நேரத்தில் தலையில் ஏற்றினால் குழப்பம்தான் கூடும். கராத்தே மட்டும் பரவாயில்லை, உடம்பு அசையும். ஐந்து வயதுக்கு மேல் இருக்கிற பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது நன்றாக மூச்சு வாங்குகிற அளவுக்கு ஆட்டம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சென்டரில் கராத்தே வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் என்றால், மீதி நாளெல்லாம் ஏழு மணி நேரப் பள்ளிக்குப் பிறகு இன்னும் நாலு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பான் என்றுதான் அர்த்தம்.

சரி, வாசிப்புக்கு வருவோம். டீச்சர் "டியூஷனில் சேருங்கள்" என்றதோடு நிறுத்தியிருக்கிறார், நீங்கள் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. உங்கள் பையன் தமிழில் எந்த நிலையில் இருக்கிறான் என்று டீச்சரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும். அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளையை நான்காம் வகுப்புப் பாடத்தைப் பார்த்து எழுதச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால், நோட்டு நிறையும், பிள்ளைக்கு ஒன்றும் வராது. பெரும்பாலான டியூஷன்களில் நடக்கிற தவறு இதுதான். எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே ஹாலில், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வீட்டுப்பாடம், அக்காவால் என்ன செய்ய முடியும்? பதிலைப் போர்டில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதச் சொல்வார். அம்மாக்களும் சாயங்காலம் நோட்டைத் திறந்து பார்த்து, முடித்திருந்தால் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். இந்த வயதில் வீட்டுப்பாடம் எழுதுவதற்கும் படிப்பில் முன்னேறுவதற்கும் இருக்கிற தொடர்பு மிகவும் குறைவு.

ஆனால் பக்கத்துத் தெரு அக்காவைக் குறைத்து எடை போட மாட்டேன். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும். அதே தெருவில் இருக்கிற படித்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு இருபது பிள்ளைகள் போலச் சொல்லிக் கொடுத்தார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூட நடந்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரண்டு பேரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள், அப்படி மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பி.எட். படித்த ஆசிரியர்கள்தான் வேண்டும் என்றில்லை, கட்டடம் இல்லை, வேன் இல்லை. தெரிந்த முகம், சின்னக் கூட்டம், பிள்ளைக்கு எது தெரியுமோ அங்கிருந்து தொடங்குவது. எனக்கு இதைவிட நம்பிக்கை தந்த செய்தி இந்தத் துறையில் வேறு இல்லை. உங்கள் பகுதியில் அந்த மையம் இப்போதும் நடக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றாலும் முன்பு அதில் தன்னார்வலராக இருந்த பெண் யாராவது பக்கத்தில் இருப்பார், அவர் யார் என்று பள்ளியில் சொல்லுவார்கள். அந்த டியூஷன் அக்காவே அதில் இருந்தவராக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அவரிடம் போய் இப்படிக் கேளுங்கள். "அக்கா, வீட்டுப்பாடம் முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் டீச்சரிடம் சொல்லிக்கொள்கிறேன். தினமும் இருபது நிமிஷம் இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்ல முடியுமா? இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கட்டும்." அவர் சரி என்றால் 400 ரூபாய் பெரிய தொகையே இல்லை. "அதெல்லாம் முடியாது, இத்தனை பேர் இருக்காங்க" என்றால், வேறு ஆளைத் தேடுங்கள், அல்லது அதே காம்பவுண்டில் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை இருந்தால் அவளிடம் கேளுங்கள், அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் கைச்செலவுக்கு ஆகும். இரண்டாம் வகுப்புப் புத்தகம் என்றால் பையனுக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் கிளை நூலகத்திலிருந்து சின்னக் கதைப் புத்தகங்களாக எடுத்துக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கூடப் போகலாம். நான்கைந்து மாதம் இப்படி ஒழுங்காகச் செய்தும் எழுத்துகள் மாறி மாறி வருகின்றன, நேற்று படித்ததை இன்று மறக்கிறான் என்றால், அது சோம்பேறித்தனம் இல்லை. முதலில் கண், காது பரிசோதனை. பிறகு அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கிற பிரிவுக்கு வழி சொல்லுவார்கள், அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

எங்கே சேர்ப்பதாக இருந்தாலும், அதற்கு முன் ஒரு நாள் அரை ஷிப்டை விட்டுவிட்டு, சொல்லாமல், ஆறு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். இந்த 250 ரூபாயைக் கணக்குப் பார்க்காதீர்கள். பத்து மணிக்குப் போனால் சுத்தமாக, அமைதியாக இருக்கும், அதில் ஒன்றும் தெரியாது. ஆறு மணிக்குப் பிள்ளைகள் இருக்கும்போது உள்ளே விடுகிறார்களா, இல்லை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிறார்களா என்று பாருங்கள், வாசலில் நிறுத்தினால் அதோடு திரும்பி வந்துவிடலாம். கழிப்பறையைப் பாருங்கள், தாழ்ப்பாள் இருக்கிறதா, அது உள்பக்கமா வெளிப்பக்கமா, அங்கே போகிற வழியில் யார் இருக்கிறார்கள் என்று. கையில் ஸ்கேல் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கிற இடத்தில் வாசிப்பு வராது, பயம் மட்டும்தான் வரும், திணறுகிற பிள்ளை இன்னும் திணறும். வேனில் டிரைவரைத் தவிர ஒரு பெண் இருக்கிறாரா, கடைசியாக இறங்குகிற பிள்ளை யார், அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் தனியாக வருகிறது என்று கேளுங்கள். உங்களைத் தவிர வேறு யார் வந்து கேட்டால் பையனை அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள். பயிற்சி மையங்களுக்கு மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்தது, பதினாறு வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது ஐம்பது மாணவருக்கு மேல் இருக்கிற பெரிய மையங்களைக் கணக்கில் வைத்து எழுதியது. தெருவில் இருக்கிற சின்ன இடத்தை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பையனிடமும் பேசுங்கள், ஆண் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். உள்ளாடை மறைக்கிற இடத்தை யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, தொட்டுக் காட்டச் சொல்லவும் கூடாது, யாராவது "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொன்னால் அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று வித்தியாசமே இல்லை. குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடுகிற 1098 என்ற எண்ணை அவனுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். சேர்த்த பிறகு முதல் மாதம் தினமும் "என்ன படிச்சே" என்று கேட்காதீர்கள். "யார் பக்கத்தில் உட்கார்ந்தே, யார் உன்னைச் சிரிக்க வெச்சாங்க, யார்மேல கோபம் வந்துச்சு" என்று கேளுங்கள். பிள்ளைகள் அந்தக் கேள்விகளுக்குத்தான் வாயைத் திறப்பார்கள்.

இனி பணம். வேலையை விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள், வேண்டாம். ஆனால் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் என்பதை ஐந்து நாளாக்க முடியுமா என்று பாருங்கள். வாரத்துக்கு 250, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் போல. டியூஷன் 400-ஐயும் சேர்த்தால் 1,400 ஆகிறது, சென்டருக்குக் கட்டப்போவதைவிட ஆயிரத்து நூறு குறைவு. வாரத்தில் ஒரு சாயங்காலம் ஐந்தரைக்கே அம்மா வந்துவிடுவாள் என்று ஒரு பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிந்தால், மற்ற நாட்களை அது தாங்கிக்கொள்ளும். எந்தக் கிழமை என்று அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அதை மாற்றாதீர்கள். அர்ஜென்ட் ஆர்டர் என்று சூப்பர்வைசர் கூப்பிட்டாலும்.

உங்கள் கடிதம் முழுக்க "நான்" என்றுதான் இருக்கிறது. அவர் சாயப்பட்டறையில் இருக்கிறார் என்பதோடு அவரை விட்டுவிட்டீர்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் அவருடையதாக இருக்கட்டும். பையனுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் பந்து போட்டால் போதும்.

மீதி நான்கு நாள் இருக்கிறது. அதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். திருப்பூரிலேயே ஒரு லைன் வீட்டில் ஐந்து அம்மாக்கள், எல்லாருமே கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆளுக்கு 600 ரூபாய் போட்டு அதே வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் பிள்ளைகளை விட்டார்கள். முன்பு டெய்லராக இருந்தவர், கண் பார்வை குறைந்து வேலையை விட்டவர். அவருக்குப் பாடமெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. நாலரைக்குப் பொரிகடலையோ சுண்டலோ கொடுப்பார், ஆறு வரை முற்றத்தில் விளையாட விடுவார், பிறகு டியூஷனுக்குப் போகிறவர்களை அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டு, கூட்டிக்கொண்டு வருவார், ஒன்பது வரை அவர் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதில் நாலு பிள்ளைகளை எனக்குத் தெரியும், இப்போது பெரிய வகுப்புகளில் இருக்கிறார்கள், இன்னும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் காம்பவுண்டில் பேசுகிறவர்களிலேயே இரண்டு பேருக்கு இதே தொல்லை இருக்கும். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களிடமே போய்ப் பேசிப் பாருங்கள். டியூஷன் அக்காவிடமும், ஏழு மணிக்குப் பிறகு ஒன்பது வரை அவர் வீட்டிலேயே பையன் இருக்க முடியுமா, அதற்குத் தனியாக என்ன கொடுக்கலாம் என்று கேட்கலாம். யார் சரி என்றாலும், பேசிய பணத்தை மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுங்கள், சீட்டுப் பணத்தைப் போல.

சாயங்காலம் சரியானால் தூக்கமும் சரியாகும், அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நீங்கள் ஒன்பதுக்கு வந்து, சமைத்து, அவன் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றாகி, காலை ஆறரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான். வாசிப்புத் திணறலில் பாதி இதுவாகக்கூட இருக்கலாம். அவன் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டால், நீங்கள் வந்ததும் கால் மணி நேரம் பக்கத்தில் படுத்துப் பேசிவிட்டு ஒன்பதரைக்குள் தூங்கட்டும். போனைப் பிடுங்க வேண்டிய அவசியமே இருக்காது. தனியாக இருந்ததால்தான் போன் வந்தது, ஆள் வந்தால் அது தானாகக் குறையும். முதல் இரண்டு வாரம் அடம்பிடிப்பான், அதற்குப் பயந்து திரும்பக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், தனியாக இல்லை, இதே வயதுப் பிள்ளைகள் இருக்கிற பத்துப் பேர் சேர்ந்து. காப்பகம் என்று ஓர் அறை ஏற்கெனவே இருந்தால், நாலரைக்கு மேல் பெரிய பிள்ளைகளையும் அங்கே உட்கார விடுவதற்கு ஒரு விளக்கும் ஒரு பாயும்தான் கூடுதல் செலவு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் அவர்கள் செய்யக்கூடாது என்று இல்லை.

இந்த வாரமே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். டீச்சரிடம் போய் அரும்பா மொட்டா என்று கேளுங்கள், டியூஷன் அக்கா வீட்டுக்கு ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அவர் இருபது நிமிஷ வாசிப்புக்குச் சரி என்று சொன்னால், சென்டர் வேண்டாம், அங்கேயே சேருங்கள். போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வருகிற வழியில், அங்கே பேசலாமா என்று அவனிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா